பெரிய வெள்ளியன்று இறங்கிய சுருதி

கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட மாமாவின் பெயர் இருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகள் பெயர்கூட வரிசையாக இருக்கும். சமைக்கப் போகிறவர் பெயர் மட்டும் இருக்காது. பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்கும்போதுதான் “சமையல் யாருப்பா?” என்று ஒரு குரல் எழும், பதில் வருவதற்குள் பாயசம் வந்துவிடும்.

ராக் பாட்டுக்கு வயலின் எழுதித் தருகிறவர்களின் பிழைப்பும் இதே பிழைப்புதான். கிதார் வாசிக்கிறவன் முடியை வளர்த்துக்கொண்டு மேடையின் நடுவில் நிற்கிறான். டிரம்ஸ் அடிக்கிறவன் சட்டையைக் கழற்றி எறிகிறான். பாட்டின் பாதியில் வயலின்கள் கூட்டமாக எழும்பி வந்து நெஞ்சைப் பிடிக்கின்றனவே, அதில் எந்த வயலின் எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்த ஆள் எங்கோ ஓர் ஊரில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பான்.

அந்த ஊர் திண்டுக்கல். நின்றுகொண்டிருந்தவர் பிராங்கிளின்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் ஆய்வகத்துக்கு உதவியாளர். குடுவை கழுவுவதும், அமிலத்தில் கை வைக்கும் பிள்ளைகளை அதட்டுவதும் உத்தியோகம். இளவயதில் குருமடத்தில் மூன்று வருடம் இருந்தார். அங்கே வயலின் படிந்தது, நான்கு குரல் சேர்ந்து பாடும் பாட்டு படிந்தது, சாமியார் ஆகும் எண்ணம் மட்டும் படியவில்லை. வெளியே வந்தவர் பங்குக் கோவிலின் பாடற்குழுவைப் பிடித்துக்கொண்டார். அதை இன்றுவரை விடவில்லை. பாடற்குழுவுக்கும் அவர் பிடியிலிருந்து தப்ப வழி தெரியவில்லை.

பாடற்குழுவில் நான்கு குரல்கள். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களிலும் அதேபோல இரண்டு. வெள்ளைக்காரன் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று நரம்பு வாத்தியங்களைப் பிரித்து வைத்திருப்பதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். ஆகையால் அக்கா மகன் ஜெரின், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துகொண்டு ராக் குழுவொன்றில் கிதார் வாசிப்பவன், “மாமா, எங்க பாட்டுக்கு வயலின் பார்ட் போட்டுத் தர்றீங்களா?” என்று கேட்டபோது பிராங்கிளின் கொஞ்சமும் அசரவில்லை. ஏற்கெனவே நாலு வாத்தியமும் அவரிடம் இருந்தன. எல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் டீ கேட்கிற வாத்தியங்கள்.

அவர் வேலை செய்யும் விதம் இது. ஜெரின் பாட்டை வாட்சப்பில் அனுப்புவான். பிராங்கிளின் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, குழுவினருக்கு ஆளுக்கொரு வரியைச் சொல்லிக் கொடுத்து, வார்த்தை இல்லாமல் ‘ம்ம்’ என்று முனகவைப்பார். எது ஒட்டுகிறது, எது முட்டுகிறது என்று கேட்டுத் திருத்துவார். பிறகு கோவில் கீபோர்டில் வாசித்துப் பதிந்து அனுப்புவார். சென்னை ஸ்டுடியோவில் ஒரு பெண் அதைச் சுரக்குறிப்பாக எழுதி ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு அனுப்புவாள். அங்கே வாத்தியக்காரர்கள் கோட்டு போட்டு உட்கார்ந்து, தாளில் என்ன இருக்கிறதோ அதை அச்சுப் பிசகாமல் வாசித்துக் கொடுப்பார்கள். வேடசந்தூர் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்த சூசையின் தொண்டையில் பிறந்த வரி, பனி பெய்யும் ஊரில் ஒரு செல்லோக்காரர் மடியில் போய் விழும்.

இப்படி மூன்று பாட்டுகள் ஆயின. முதல் பாட்டில் வயலின் யார் எழுதியது என்றே போடவில்லை. இரண்டாவதில் ‘இசை, வயலின்கள் அனைத்தும்: குழுவினர்’ என்று போட்டார்கள். மூன்றாவதில் பெயர் வந்தது. எப்படி வந்தது என்றால், ‘நன்றி: அம்மா, அப்பா, பிராங்கி மாமா, மாடியில் இடம் கொடுத்த வீட்டுக்காரர்’ என்று. பிராங்கிளின் போனைத் தள்ளி வைத்தும் கிட்டத்தில் வைத்தும் அதைப் படித்தார். தான் செய்த வேலைக்கு நேரே தன் முழுப் பெயர் ஒரு தடவையாவது வர வேண்டும் என்கிற ஆசை அன்றுதான் அவருக்குள் நோயாகப் பிடித்தது. சாகுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

மனைவி டெய்சி வீட்டிலேயே மோட்டார் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். கல்யாணமான புதிதில் அவளும் பாடற்குழுவில் இருந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில், அத்தனை பேர் முன்னாலும், “நீ பாடுனா பாட்டு கெணத்துக்குள்ள எறங்குற மாதிரில்ல எறங்குது. போய்ச் சனத்தோட சனமா ஒக்காரு” என்று பிராங்கிளின் அவளை அனுப்பிவிட்டார். சொன்னது பொய்யில்லை. டெய்சி எந்த வரியைச் சரியான சுருதியில் தொடங்கினாலும் முடிக்கும்போது அரைக்கால் வாசி இறங்கியிருப்பாள். பக்கத்தில் நிற்பவர்களையும் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். அன்றிலிருந்து அவள் பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். அது பிராங்கிளினுக்குத் தெரியும். வருத்தப்பட்டதில்லை. சுருதிக்குப் பொண்டாட்டி புருசன் தெரியாது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

போன வருடம் நாலாவது பாட்டு வந்தது. வந்த நேரம்தான் வம்பு. புனித வாரத்தில் புதன்கிழமை ஜெரின் போன் செய்தான்.

“மாமா, சனிக்கிழமை அங்க ரெக்கார்டிங். எடம் திடீர்னு கெடச்சிருச்சு. வெள்ளிக்குள்ள வேணும் மாமா.”

“ஏலே, நீ ஞானஸ்நானம் வாங்குனவந்தானா? வெள்ளி என்ன வெள்ளின்னு தெரியுமா?”

“தெரியும் மாமா. இந்தத் தடவ ஒங்க பேரு முழுசா வரும். நான் சத்தியம் பண்றேன்.”

பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதம் பாடும்போது மணிகள் எல்லாம் அடித்து ஓயும். அதோடு சனிக்கிழமை இரவு வரை கோவிலில் மணி கிடையாது, வாத்தியம் கிடையாது. மரக்கட்டையைத் தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள். கீபோர்டைத் துணி போட்டு மூடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீடுகளிலும், இயேசு சிலுவையில் உயிர்விட்ட அந்த வெள்ளிக்கிழமை பாட்டு வைக்க மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள், ஊசி எடுக்க மாட்டார்கள். டெய்சியின் மிஷினே அன்று ஒருநாள்தான் வாய் மூடியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ராக் பாட்டுக்கு வயலின் போடுவது எப்படி?

பிராங்கிளின் மூன்று வருடம் குருமடத்தில் படித்தது வீண் போகவில்லை. வாத்தியம்தான் கூடாது, மனிதத் தொண்டை வாத்தியம் ஆகாது. வார்த்தை இருந்தால்தான் பாட்டு, வார்த்தை இல்லாமல் முனகினால் அது துக்கத்தோடு சேர்த்தி. துக்க நாளில் துக்கம் கூடுமே தவிரக் குறையாது. இப்படி ஒரு தீர்ப்பைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை மறைக்கல்வி அறையில் குழுவைக் கூட்டினார். மேல்குரலுக்கு ரோசலின் வந்தாள். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண், குழுவிலேயே சுத்தமான குரல். சூசையும் இன்னும் சில ஆண்களும் வந்தார்கள். கீழ்க்குரல் பாடுகிற பெண்கள் இருவரும் வரவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு மில்லில் லீவு இல்லை.

இரண்டாம் வயலின் இல்லாமல் நான்கு குரல் எங்கிருந்து வரும்? பிராங்கிளின் வெளியே எட்டிப் பார்த்தார். டெய்சி சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

“செத்த நேரம் வந்து நில்லு. மெதுவாப் பாடு. எறக்கிறாத.”

இத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்டிருக்கிறார். டெய்சி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

ஜெரினின் பாட்டைப் பிராங்கிளின் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கையசைத்தார். மற்றவர்களுக்கு அந்தப் பாட்டு கேட்காது. கீபோர்டும் இல்லை, பிடித்துக்கொள்ளச் சுருதியும் இல்லை. முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியின் முடிவில் டெய்சி இறங்கினாள். ரோசலின் தாக்குப்பிடித்துப் பார்த்து அவளும் இறங்கினாள். கடைசியில் மொத்தக் கூட்டமும் மெல்லச் சரிந்து கீழே போய் நின்றது. பிராங்கிளின் காதிலோ கிதார் போட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பல் கூசியது அவருக்கு. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சரிந்தது. அதற்குள் மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. சிலுவைப்பாதைக்கு நேரமாகிவிட்டது.

“ஒன்னயக் கூப்பிட்டம் பாரு, என்னயச் சொல்லணும்” என்றார் டெய்சியைப் பார்த்து. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டெய்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்த் தூணோரமாக உட்கார்ந்தாள். அன்று அவள் வாயைக்கூட அசைக்கவில்லை.

போனில் பதிவு செய்ததை அப்படியே ஜெரினுக்கு அனுப்பிவிட்டு, “கடைசில சுருதி எறங்கிருச்சு மாப்ள. எழுதுற பொண்ணுகிட்டச் சொல்லிச் சரி பண்ணிரு” என்று குரல் செய்தியும் அனுப்பினார். ஜெரின் பாட்டைத் தட்டி அனுப்பினான். மாமாவின் குரல் செய்தியைத் தட்டித் திறக்கவே இல்லை. மாமா பேச்சை எந்த மருமகன் முழுதாகக் கேட்டான்? எழுதுகிற பெண் நேர்மையானவள். இறங்கியதை இறங்கியபடியே, சரியும் கோடு போட்டு எழுதினாள். ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் அதைவிட நேர்மையானவர்கள். இரண்டாம் வயலின் முதலில் சரிய, மற்றவை கொஞ்சம் முரண்டிப் பின்னாலேயே சரிய, வாசித்துக் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பாட்டு ஜூன் மாதம் வெளிவந்தது. கிதார் அசையாமல் நிற்கிறது, வயலின்கள் மட்டும் மெல்லக் கீழே நழுவிப் போகின்றன. கேட்டவர்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வயலினைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, காதலில் தோற்றவன், பரீட்சையில் தோற்றவன், கிரிக்கெட்டில் தோற்றவன் எல்லோரும் ரீல்ஸ் போட்டார்கள். இதை எழுதியது யார் என்று கேள்வி மேல் கேள்வி வரவும், ஜெரின் குழுவினர் வேறு வழியில்லாமல் போட்டார்கள்: ‘வயலின் இசைக்கோர்ப்பு: அ. பிராங்கிளின், திண்டுக்கல்.’

சரியாகச் செய்த மூன்று பாட்டுக்கு வராத பெயர், கெட்டுப்போன பாட்டுக்கு முன்னெழுத்தோடு வந்தது. குருவி உட்காரப் பனங்காய் விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிராங்கிளின் சொல்லவில்லை. தாடி வைத்த ஒரு யூட்யூப் பையன் சென்னையிலிருந்து வீடு தேடி வந்து, “சார், அந்தச் சரிவு எப்படித் தோணுச்சு?” என்று கேட்டபோது அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்தார்.

“ஆண்டவருடைய உடலைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள் அல்லவா, தம்பி? அந்த இறக்கம்தான்.”

பையனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. டீ கொண்டுவந்த டெய்சி வாசற்படியிலேயே நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நாலு பேர் சொல்லச் சொல்லப் பிராங்கிளினும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

ஒரு மதியம்தான் உண்மை வந்து மண்டையில் தட்டியது. ஊஞ்சல் பலகையில் படுத்திருந்தார். உள்ளே டெய்சி தைத்துக்கொண்டே முனகினாள். மோட்டார் ஓடும்வரை அவள் குரல் அதன் சுருதியிலேயே நின்றது. தையல் முடியும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மோட்டார் சத்தம் மெல்ல இறங்கி ஓய்ந்தது. குரலும் கூடவே இறங்கி ஓய்ந்தது. அடுத்த தையல், அதே இறக்கம். இத்தனை வருடமும் நாள் முழுக்க அந்த மோட்டாரோடு பாடிப் பாடி, வரி முடிந்தால் இறங்க வேண்டும் என்று அவள் தொண்டை படித்து வைத்திருந்தது. நாடு முழுக்க ரீல்ஸில் ஓடிக்கொண்டிருந்தது சிலுவையுமில்லை, இறக்கமுமில்லை. ஜாக்கெட்டு தைக்கிற மிஷின்.

பிராங்கிளின் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். எழுந்து போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். அப்போது பார்த்துப் போன் அடித்தது, மதுரையிலிருந்து ஒருவர் அவரைப் பாராட்டக் கூப்பிட்டிருந்தார். பாராட்டு நீளமாகப் போனது. சொல்ல வேண்டியது அப்படியே நின்றது. அதற்கடுத்த மாதங்களில் வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது, முனகல் நின்றுபோயிருந்தது. புகழோடு இருக்கிற ஆள் அதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்?

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஜெரின் பேசினான்.

“மாமா, முழு ஆல்பம். அட்டையிலயே எங்க பேருக்குச் சமமா ஒங்க பேரு. ஆனா அந்தச் சரிவு வேணும். அதுக்காகத்தான் அம்புட்டுப் பேரும் காத்திருக்காங்க.”

“அது என்னடா, பிரமாதமா?” என்றார் பிராங்கிளின்.

கீபோர்டில் சரித்துப் பார்த்தார். ஆம்புலன்ஸ் போவதுபோல இருந்தது. குழுவைக் கூட்டி, “மூணாவது வரி முடியுறப்ப எல்லாரும் லேசா எறக்குங்க” என்றார். இருபது வருடமாக ‘ஏத்து, ஏத்து’ என்று திட்டு வாங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாஸ்டர், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார் சூசை.

முயன்று பார்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்தே தப்பாகப் பாட ஒருவராலும் முடியவில்லை. இனி ஒரே வழிதான். அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

“கொயருக்கு வாரியா?”

டெய்சி வெஞ்சனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நானா?”

“நீதான். ஒன் கொரலு வேணும்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. பெயர் அட்டையில் வரப்போவதை நினைத்துச் சங்கடத்தை விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் டெய்சி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கீழ்க்குரல் வரிசையில் நின்றாள். பிராங்கிளின் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினார். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது வரி முடியப் போகிறது. இதோ இறங்கப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்தார். இறங்கவில்லை. கிதார் எங்கே நின்றதோ அங்கேயே, நட்டுவைத்த கல்லாக, டெய்சியின் குரல் நின்றது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நின்றது. களைத்துப்போய் இறங்கத் தொடங்கிய சூசையையும் அவள் குரல்தான் பிடித்து மேலே தூக்கியது.

பிராங்கிளின் கையைக் கீழே போட்டார். ரோசலினுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“மாஸ்டர், அக்கா போன வருசத்துல இருந்து செல்லுல சுருதி போட்டுப் பழகுது. நீங்க ஸ்கூலுக்குப் போனதும் மிஷின நிறுத்திட்டு ஒக்காந்துரும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு.”

டெய்சி அவரையே பார்த்தாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பார்வை. ‘பழைய மாதிரி பாடு டெய்சி’ என்கிற வாக்கியம் பிராங்கிளினுக்குத் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் ஆல்பம் கிடைக்கும், அட்டையில் பெயர் கிடைக்கும். அவள் இத்தனை மாதமாக அவருக்குத் தெரியாமல் ஏறிவந்த இடத்திலிருந்து தன் வாயாலேயே அவளை இறங்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விலை.

“ஒரு பிசிறு இல்ல” என்றார். “இப்பிடியே பாடு.”

டெய்சி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சூசை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிராங்கிளினுக்கு நெஞ்சு அடைத்தது. அடைத்தது பாதி அவளுக்காக, பாதி அட்டைக்காக.

அதைத்தான் அனுப்பினார். ஜெரின் கேட்டுவிட்டு இழுத்தான். “நல்லாருக்கு மாமா. ஆனா சர்ச்சுல பாடுற மாதிரி இருக்கே.”

“சர்ச்சுலதானலே பாடுறோம்.”

“அந்தச் சரிவு இல்லையே மாமா. அங்க ரெக்கார்டிங் நடத்துற வெள்ளைக்காரர் ஒருத்தர் ஒங்க பாட்டக் கேட்டுக் கேட்டு அந்த ஸ்டைல அப்பிடியே பிடிச்சு வச்சிருக்காரு. அவரே போட்டுத் தாரேங்கிறாரு. கோவிச்சுக்காதீங்க மாமா, நன்றில ஒங்க பேரு கட்டாயம் வரும்.”

“பிராங்கி மாமான்னா?”

“முழுப் பேராவே போடுறேன் மாமா” என்றான் ஜெரின்.

ஈஸ்டர் காலையில் வீடு முழுக்கக் கறி மணத்தது. முந்தின இரவுப் பூசையில் மணிகள் எல்லாம் அடிக்க, கீபோர்டு திரும்பி வர, டெய்சி முன்வரிசையில் நின்று ‘உன்னதங்களிலே’ பாடியிருந்தாள். அந்தச் சந்தோசம் இன்னும் வடியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“ஏங்க, போன வருசம் நான் கெடுத்தத நீங்க எப்பிடிச் சரி பண்ணுனீங்க?”

“எத?”

“பெரிய வெள்ளிக்கு நான் எறக்கிவிட்டேன்ல. அதக் கேட்டு ஊரே ஒங்களத் திட்டும்னு ராவெல்லாம் அழுதேன். நீங்க என்னமோ பண்ணி, அம்புட்டுப் பேரு வாங்கிட்டீங்க. அன்னைக்கு நெனச்சேன், இனிமே எந்தப் பாட்டுலயும் எம் பெழைய நீங்க மறைக்கிற மாதிரி வைக்கக் கூடாதுன்னு.”

பிராங்கிளின் அடுக்களை வாசலில் நின்றார். இதற்குமேல் காக்க அவரிடம் பெயரும் இல்லை.

“நான் ஒன்னுமே பண்ணல, டெய்சி. நீ பாடுனது அப்பிடியேதான் போச்சு. ஊரெல்லாம் கேட்டு உருகுச்சே, அது ஒன் கொரலு. நீ எறக்குனியே, அதுதான். எம் பேரப் போட்டது தப்பு. ஒம் பேரத்தான் போட்டிருக்கணும்.”

டெய்சி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“போங்க. நல்ல நாளும் அதுவுமா கேலி பண்ணிக்கிட்டு. சிலுவையில இருந்து எறக்குறதுன்னு நீங்க அந்தத் தம்பிகிட்டச் சொன்னத நான் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்?”

“அது சும்மா சொன்னது டெய்சி. சத்தியமா.”

“சரி சரி, தேங்காயத் துருவிக் குடுங்க.”

பிராங்கிளின் தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டெய்சி குழம்பைக் கிண்டிக்கொண்டே போன வருடத்துப் பாட்டின் அந்த மூன்றாவது வரியை முனகினாள். அவர் துருவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். வரி முடியும் இடம் வந்தது. இறங்கமாட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுத்தமான சுருதியில் முடித்துவிட்டு, உப்புப் பார்க்கக் கரண்டியை அவரிடம் நீட்டினாள் டெய்சி.